ஸ்ரீமுக வருஷம்

நகைக்கடன் கம்பெனியின் இரண்டாம் மாடியில் என் மேசை.
காந்தி ரோட்டுக்கு மேலே,
கேபிள் ஒயர்களுக்கும் மேலே,
எதிர்க்கட்டடத்துச் சிங்கங்கள் இரண்டும்
எனக்கு நேர்ப் பார்வை.

கீழே போகிறவர்களுக்கு
அங்கே ஒரு மருந்துக்கடை,
ஒரு லாட்ஜ், வங்காளி எழுத்தில் அறை வாடகை.
அந்தக் கட்டடத்துக்குத் தலை உண்டென்று
யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

வலது சிங்கம் ஒழுங்கான சிங்கம்.
வாயைப் பிளந்து நிற்கும்.
இடதுக்கு முறுக்கு மீசை, உப்பிய கன்னம்,
சாப்பாட்டு நேரம் தாண்டிப்போன மனிதனின் சிடுசிடுப்பு.
கூலியைப் பாக்கி வைத்த முதலாளியைக்
கொத்தனார் மாடியில் ஏற்றிவிட்டுப் போனார் என்று
நானாக ஒரு கதை கட்டி வைத்திருக்கிறேன்.
மறுக்க ஆள் இல்லாததால்
அது இன்னும் உண்மை.

நடுவே அரைவட்டச் சூரியன்.
அதற்குள் ஸ்ரீமுக வருஷம் என்று எழுத்து.
அரசங்கன்று ஒன்று 'ஸ்ரீ'யின் சுழியில் வேர்விட்டு
அதைத் தெருவில் தள்ளிவிட்டது.
மிச்சம்: முக வருஷம்.

என் பிழைப்பு உரைகல்லில்.
தேய்த்து, திராவகம் விட்டு, நிறம் பார்த்து,
கல்லைக் கழித்து, அரக்கைக் கழித்து,
இவ்வளவுதான் என்று முகத்துக்கு நேரே சொல்வது.
பழக்கதோஷம்,
ஒரு மத்தியானம் சிங்கத்துக்கும் மதிப்புப் போட்டேன்:
சுண்ணாம்பு, மணல், கடுக்காய், வெல்லம்.
கழிவு போக நிகரம் பூஜ்யம்.

கோட்டை அகழித் தண்ணீர் கரையை விட்டு இறங்கியிருந்த மே மாதத்தில்
நிராபத மண்டல் வந்தார். ஊர் மால்தா.
மனைவி ஆஸ்பத்திரியில், பத்தொன்பதாம் நாள்.
ஸ்கேனுக்காகக் கழற்றித் தந்த வளையலைக்
கைக்குட்டையிலிருந்து எடுத்தார்.
மேலே தங்கத் தகடு, உள்ளே இரும்பு.
இரும்பைக் கழிக்கவேண்டுமானால் வெட்டவேண்டும்.
வெட்டுவதா என்று நான் யோசிக்கையில்
அவர் ஜன்னலைப் பார்த்து
தன் பாதி இந்தியில் என் பாதி இந்திக்குச் சொன்னார்:
"வாய் திறந்த சிங்கத்துக்குப் பல் முப்பத்துமூன்று.
தாமரை இதழ் வரிசையில் நூற்றுப்பதினான்கு.
இடது ஓரம் ஒன்று மட்டும் தலைகீழ்."

ஒன்பது வருடம்.
நான் எண்ணியதே இல்லை.

பார்வையாளர் நேரம் நாலு மணிக்குத்தானாம்.
அதுவரை லாட்ஜுக்கு எதிரே நின்று
மேலே பார்ப்பாராம்.
கீழே பார்த்தால் கையில் பில்.

வெட்டவில்லை.
உறையின் மேல் 'இரும்பு உட்பட' என்று எழுதினேன்,
எங்கள் விதிமுறையில் இல்லாத சொல்.

ஆடியில் லாட்ஜ் கைமாறியது.
நாற்பதடி போர்டோடு இம்தியாஸ் சாரம் ஏறினான்.
ஆணி பிடிக்கும் இடம் தேடித் தட்டித் தட்டிப் பார்த்து
மீசைக்காரன் நெற்றியில் டிரில்லை வைத்தான்.
ஜன்னலைத் திறந்து கத்தினேன்.
காந்தி ரோட்டில் கத்துவது
ஹாரனுக்கு இன்னொரு ஹாரன்.
அவன் திரும்பினான்,
தலையெல்லாம் வெள்ளைத் தூள்,
யாரோ கூப்பிடுகிற சந்தோஷத்தில்
கையசைத்தான்.
நானும் அசைத்துத் தொலைத்தேன்.

இப்போது இரவெல்லாம் பச்சையும் சிவப்பும் எரிகிறது.
அதன் முதுகில், இருட்டில்,
முப்பத்துமூன்று பல்.
இடதுபக்கம் ஒரு வால் மட்டும் போர்டைத் தாண்டி நீள,
அதில் புறா.

மண்டல் வரவில்லை.
வருடம் திரும்பி ஏலப் பட்டியலும் வந்துவிட்டது;
அவர் உறை ஏழாவது.
வட்டியை என் சம்பளத்தில் கட்டித் தள்ளிவைத்திருக்கிறேன்.
மேனேஜர் கேட்டால் சொல்ல
இன்னும் ஒரு காரணம் அகப்படவில்லை.

இன்று சாப்பாட்டு நேரத்தில்
போர்டுக்கு வெளியே தெரியும் இதழ்களை எண்ணினேன்.
இருபத்தாறு.
தலைகீழானது
அதில் இருக்கிறது.